குடிமக்களைக் காக்கப் படை அனுப்பியது நியாயமா? வாதம் சறுக்கும் இடங்கள்

"அங்கே சிக்கியிருக்கும் எங்கள் மக்களைக் காப்பாற்றத்தான் போனோம்." படையெடுத்த நாடு இப்படிச் சொன்னதும் விவாதம் சூடுபிடித்துவிடும். ஆனால் பலரும் முதல் அடியிலேயே சறுக்குகிறார்கள்: யாருடைய மக்கள் என்று கேட்பதில்லை. தன் குடிமக்களை வெளிநாட்டிலிருந்து மீட்பது ஒரு கதை. சொந்த அரசிடமே மாட்டிக்கொண்ட மக்களை வெளியார் காப்பது வேறு கதை. 2005 ஐ.நா. உச்சி மாநாடு ஏற்றுக்கொண்ட 'பாதுகாக்கும் பொறுப்பு' என்ற கொள்கை இரண்டாவதைப் பற்றியது. அதற்கும் பாதுகாப்பு மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். 2011-இல் லிபியாவுக்கு அந்த ஒப்புதல் கிடைத்தது. அதைக் காட்டி, கரீபியத் தீவு நாடான கிரெனடாவில் 1983-இல் அமெரிக்கா நடத்திய படையெடுப்பை நியாயப்படுத்த முடியாது.

கிரெனடாவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் எல்லாத் தவறுகளும் அங்கே ஒன்றாகக் கிடைக்கின்றன. 1983 அக்டோபர் 19 அன்று பிரதமர் மாரிஸ் பிஷப் சுட்டுக்கொல்லப்பட்டார். கண்டதும் சுடும் ஊரடங்கு வந்தது. 25-ஆம் தேதி அமெரிக்கப் படை இறங்கியது. சொன்ன காரணங்களில் முதன்மையானது அங்கே படித்த சுமார் 600 அமெரிக்க மருத்துவ மாணவர்கள். மீட்கப்பட்டவர்களில் ஒருவர் அமெரிக்காவில் விமானத்தை விட்டு இறங்கியதும் தரையை முத்தமிட்டார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த பலருக்கு அத்தோடு வாதம் முடிந்துபோனது.

அந்த முத்தம் எதை நிரூபிக்கிறது? அவர் பயந்திருந்தார் என்பதை. பயம் ஊரடங்கால் வந்ததா, படை வந்தபின் நடந்த சண்டையால் வந்ததா என்பதை அது சொல்லாது. படம் மனதைத் தொடும், சரி. அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொரு பக்கம், கிராண்ட் ஆன்ஸ் என்ற இடத்திலும் அந்த மருத்துவக் கல்லூரிக்கு ஒரு வளாகம் இருப்பது தரையிறங்கிய பிறகுதான் படைக்குத் தெரியவந்தது. இதை வைத்து "மீட்பு வெறும் சாக்கு" என்று அடித்துச் சொல்வதும் அவசரம்தான், திட்டமிடல் அரைகுறையாக இருந்திருக்கலாம்.

ஒரு காரணம் ஆட்டம் கண்டதும் அடுத்ததற்குத் தாவுவது இன்னொரு வழக்கமான தவறு. மாணவர்கள், கிழக்குக் கரீபிய நாடுகளின் கோரிக்கை, கிரெனடாவின் தலைமை ஆளுநரின் (பிரிட்டிஷ் அரசியின் பிரதிநிதி) அழைப்பு என்று மூன்று சொல்லப்பட்டன. ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்திப் பார்க்க வேண்டும். பலவீனமான மூன்றைக் கூட்டினால் பலமான ஒன்று கிடைக்காது.

அப்புறம் வாக்குக் கணக்கு. ஐ.நா. பொதுச்சபை 108-9 என்று அந்தப் படையெடுப்பைச் சட்டமீறல் என்றது. கனமான சான்று, ஆனால் அரசுகளின் வாக்குதான், நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. 1976-இல் உகாண்டாவின் என்டெபே விமான நிலையத்தில், கடத்தப்பட்ட விமானத்தின் பயணிகளை மீட்க இஸ்ரேல் நடத்திய நடவடிக்கை பற்றிப் பாதுகாப்பு மன்றம் எந்தத் தீர்மானத்தையும் நிறைவேற்றவில்லை. அதனால் அது சரியென்றும் ஆகாது, தவறென்றும் ஆகாது.

உதவும் அளவுகோல் ஒன்று உண்டு. 1952-இல் சட்ட அறிஞர் ஹம்ஃப்ரி வால்டாக் மூன்று நிபந்தனைகள் வைத்தார்: ஆபத்து உடனடியானதா, அந்நாட்டு அரசால் காக்க முடியவில்லையா அல்லது மனமில்லையா, நடவடிக்கை மீட்போடு நின்றதா. என்டெபேயில் உகாண்டா அதிபர் இடி அமீனின் அரசே கடத்தல்காரர்கள் பக்கம் நின்றது. படை பணயக்கைதிகளோடு அன்றிரவே கிளம்பிவிட்டது. பலர் மறக்கும் மூன்றாவது கேள்விதான் என் கணக்கில் முக்கியமானது. கிரெனடாவில் ஆட்சியே மாறியது. 1989-இல் பனாமாவில் "அமெரிக்கர்களைக் காக்க" என்று தொடங்கியது அந்நாட்டை ஆண்ட நொரியேகாவைப் பிடித்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோவதில் முடிந்தது.

குடியுரிமை எப்போது வந்தது என்பதையும் கேளுங்கள். 2008-க்கு முன், ஜார்ஜியாவிலிருந்து பிரிய முயன்ற தெற்கு ஒசேத்தியா பகுதியில் ரஷ்யா பெருமளவில் பாஸ்போர்ட் வழங்கியது, பிறகு தன் குடிமக்களைக் காப்பதாக ஜார்ஜியாவுக்குள் நுழைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அமைத்த விசாரணைக் குழு 2009-இல் தந்த அறிக்கையில் அந்தக் குடியுரிமை வழங்கலை ஏற்கவில்லை. அதே அறிக்கை, முதலில் தெற்கு ஒசேத்தியாவின் தலைநகர் ட்ஸ்கின்வாலி மீது ஜார்ஜியா நடத்திய தாக்குதலையும் நியாயமற்றது என்றது. யார் எந்தப் பக்கத்தை மட்டும் மேற்கோள் காட்டுகிறார் என்று கவனித்தாலே அவர் எங்கே நிற்கிறார் என்பது தெரிந்துவிடும்.