பின்வாசலில் ரப்பர் புழு காய்ச்சலாம் வாங்க

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு 2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். வாயில் வருவது என்னவோ இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். தூண்டில் போடுகிறவனுக்கு இங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டைகள் இருக்கின்றன, செம்பனைத் தோட்டத்துக் கால்வாய்கள் இருக்கின்றன, கொஞ்சம் தள்ளிப் போனால் சிலாங்கூர் ஆறு. பஞ்சமெல்லாம் தூண்டிலில் இரையாகக் கோர்க்கும் ரப்பர் புழுவுக்குத்தான். விரால் வகை மீன்களான தோமானுக்கும் ஹாருவானுக்கும் இருக்கிற பல்லுக்கு ஒரு ரப்பர் புழு ஒரு கடிக்கு மேல் தாங்காது. மீன் மாட்டினாலும் சரி, மாட்டாவிட்டாலும் சரி, வாலைக் கத்தரித்துக்கொண்டு போய்விடும். ஒரு காலையில் ஒரு பாக்கெட்டே காலியான நாள்தான் நானே காய்ச்சிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ரப்பர் புழு என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, இதில் பால்மரத்துப் பால், அதாவது ரப்பர் மரத்துப் பால், ஒரு சொட்டுகூடக் கிடையாது. மூலப்பொருளின் பெயர் பிளாஸ்டிசால். பிவிசி பொடியை எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில் கரைக்காமல் கலந்து வைத்தது. ஆனால் போத்தலைத் திறந்தால் அசல் பால்தான். முப்பது வருடம் மரம் சீவிய என் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “ஆசிட் ஊத்திட்டியாடா?” என்று கேட்டார். பால்மரப் பால் ஆசிட் பட்டால் உறையும். இது சூடு பட்டால் உறையும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. 1949-ல் அமெரிக்காவின் அக்ரோன் நகரத்தில் நிக் கிரீம் என்பவர்தான் இந்தப் புழுவை முதலில் காய்ச்சியவர் என்று சொல்வார்கள், அதுவும் தன் வீட்டு அடுப்பில். அக்ரோன் டயர் கம்பெனிகளின் ஊர். மலாயாத் தோட்டத்து ரப்பர் கப்பலேறிப் போன இடங்களில் அதுவும் ஒன்று.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காசு மிச்சமாகும் என்று நம்பி இதில் இறங்காதீர்கள். சாமான் வாங்கிய காசு திரும்ப நூற்றுக்கணக்கில் புழு ஊற்ற வேண்டும். நமக்கு வேண்டிய நிறத்தில், வேண்டிய நீளத்தில் கிடைக்கும், கிழிந்ததைத் திரும்பக் காய்ச்சலாம். அதற்காகத்தான் இந்த வேலை.

என்னென்ன வேண்டும்

பிளாஸ்டிசால் ஒரு போத்தல். இணையத்தில் கிடைக்கிறது, தாலேட் என்ற ரசாயனம் இல்லாத வகையைப் பார்த்து வாங்குங்கள். நடுத்தர மென்மை போதும். நிறச்சாயம் ஒன்றிரண்டு, மினுக்குப் பொடி ஒன்று. மினுக்குப் பொடி சூடு தாங்கும் வகையாக இருக்கட்டும். பிள்ளைகளின் கைவேலைப் பொடியைப் போட்டால் சுருண்டு, நிறம் கரைந்து, அழுக்கு மாதிரி நிற்கும்.

ஒரு பழைய மைக்ரோவேவ். இதில் காய்ச்சிய பிறகு அதில் சோறு சூடாக்குவது கூடாது, ஒருநாளும் கூடாது. குவளை, கரண்டி எல்லாவற்றுக்கும் இதே சட்டம். நான் மார்க்கர் பேனாவால் பெரிய எழுத்தில் “புழு” என்று எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் யாரும் தொடுவதில்லை.

கைப்பிடியும் மூக்கும் உள்ள, சூடு தாங்கும் கண்ணாடி அளவுக் குவளை இரண்டு. கிளற உலோகக் கரண்டி. அப்புறம் வெப்பமானி. இங்கேதான் நான் முதலில் ஏமாந்தேன். கொரோனா காலத்தில் நெற்றியில் நீட்டிப் பார்த்த வெப்பமானி வீட்டில் சும்மா கிடந்தது, அதை நீட்டினேன். அது மனிதக் காய்ச்சலுக்குச் செய்தது. நாற்பது சொச்சத்துக்கு மேல் எதையும் காட்டாது. நமக்கு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் காட்டுவது வேண்டும். ஹார்ட்வேர் கடையில் விற்கும் அகச்சிவப்பு வெப்பமானி நல்லது. இல்லையென்றால் கேக் சாமான் கடையில் கிடைக்கும் சர்க்கரைப்பாகு வெப்பமானி. அதை மைக்ரோவேவுக்குள் வைத்து ஓட்டிவிடாதீர்கள், வெளியே எடுத்த பிறகு நனைத்துப் பார்ப்பதற்குத்தான்.

பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, மூடிய காலணி. முகத்துக்கு மருத்துவமனை முகமூடி போதாது. பெயின்ட் தெளிப்பவர்கள் போடும், இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். வேலை நடப்பது பின்வாசலில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசட்டும். சின்னப் பிள்ளைகளும் நாய் பூனையும் உள்ளே. மழை வருகிற மாதிரி இருந்தால் அன்றைக்கு வேண்டாம். காரணம் அடுத்து வருகிறது.

அச்சு

கடையில் அலுமினிய அச்சு, சிலிக்கோன் அச்சு எல்லாம் விற்கிறார்கள். முதல் அச்சைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நாமே வார்ப்போம். போனால் சில வெள்ளிதான் (ரிங்கிட்) போகும். துடுப்பு வால் வைத்த மீன் வடிவத்துக்கு ஆசைப்படாதீர்கள், அதற்கு இரண்டு பாதி அச்சு வேண்டும். நான்கு அங்குல நேர்ப்புழு ஒன்றை மாதிரியாக எடுங்கள்.

பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைத் தட்டையாகப் பரப்பி, புழுவை அதில் சரிபாதி புதையும்படி அழுத்துங்கள். மேலே வாஸ்லைன் லேசாகத் தடவுங்கள். பாத்திரத்தில் ஒரு பங்கு தண்ணீர் எடுத்து, அதில் இரண்டு பங்கு பிளாஸ்டரைத் தூவிக் கலக்குங்கள். பொடியில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். தோசைமாவுப் பதம் வந்ததும் டப்பாவில் ஓரமாக ஊற்றி, டப்பாவை மேசையில் பத்துப் பதினைந்து முறை தட்டுங்கள். குமிழிகள் மேலே வந்து உடையும். முக்கால் மணி நேரத்தில் இறுகிவிடும். கவிழ்த்து, களிமண்ணை உரித்து, புழுவை எடுத்தால் அரை உருண்டையாக ஒரு குழி இருக்கும். அதுதான் அச்சு.

இப்போது பொறுமை. இறுகிவிட்டது என்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு இது சாமானியமாகக் காயாது. நான் மறுநாளே ஊற்றினேன். குழிக்குள் போன பிளாஸ்டிக், பால் பொங்குவது போல ‘புளுக் புளுக்’ என்று பொங்கியது. உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி வெளியே வரப் பார்த்திருக்கிறது. ஒரு துளி தெறித்துக் கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. சூடான எண்ணெய் பட்டால் வழிந்துவிடும். இது வழியாது, தோலோடு ஒட்டிக்கொண்டு சுடும். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அதனால் நான்கைந்து நாள் வெயிலில் வையுங்கள், சாயங்காலம் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க இரண்டு வழி உண்டு. கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியக்கூடாது. அதைவிட நம்பகமானது சமையல் தராசு: தினமும் நிறுத்து எழுதி வையுங்கள். எடை குறைவது நின்றால்தான் ஈரம் போயிற்று. அப்புறம் வெள்ளைப் பசையைப் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு, மெல்லிய தூரிகையால் குழிக்குள் மூன்று பூச்சு. ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. கடைசிப் பூச்சுக்குப் பிறகு இன்னொரு நாள் வெயில். பூசாவிட்டால் பிளாஸ்டிக் பிளாஸ்டரின் துளைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும்.

காய்ச்சுவது

போத்தலை நன்றாகக் குலுக்குங்கள். பிவிசி பொடி அடியில் கெட்டியாகப் படிந்திருக்கும், அது முழுதும் கலக்க வேண்டும். பிறகு நுரை அடங்கப் பத்து நிமிடம் விடுங்கள். முதல் தடவைக்கு 100 மில்லி போதும். குவளை எலும்பு மாதிரிக் காய்ந்திருக்கட்டும்.

மைக்ரோவேவில் ஒரு நிமிடம். எடுத்து, அடியைச் சுரண்டி மெதுவாகக் கிளறுங்கள். வேகமாக அடித்தால் குமிழி சேரும். பிறகு முப்பது முப்பது விநாடியாக வைத்து, ஒவ்வொரு முறையும் கிளறுங்கள். கரண்டியை வெளியே எடுக்காமல் மைக்ரோவேவை ஓட்டிவிடாதீர்கள்.

பலகாரம் செய்கிறவர்களுக்கு இது எளிதில் பிடிபடும், எல்லாம் பதம்தான். முதலில் பால். அப்புறம் திடீரென்று கஞ்சி, அதற்கடுத்து அல்வா மாதிரிக் கட்டி கட்டியாகத் திரளும். கரண்டியே நகராது. புதியவர்கள் இங்கேதான் பயந்து, கெட்டுப்போய்விட்டது என்று கொட்டுகிறார்கள். கெடவில்லை. இன்னும் முப்பது விநாடி வைத்துக் கிளறுங்கள். கட்டிகள் ஒவ்வொன்றாகக் கரையும், வெண்மை போகும், கடைசியில் தேங்காயெண்ணெய் மாதிரித் தெளிந்து, கரண்டியிலிருந்து இழுபடாமல் வழியும். வெப்பமானி 170-லிருந்து 177 டிகிரி செல்சியஸுக்குள் காட்ட வேண்டும். கிளறிய உடனே அளந்து பாருங்கள். கிளறாமல் பார்த்தால் மேல்தோலின் சூடு மட்டும்தான் தெரியும்.

இதற்குக் கீழே நிறுத்தினால் புழு மங்கலாக, வலுவில்லாமல் வரும், தொட்டால் பிய்யும். 200-ஐ நெருங்கினால் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், மூக்கைக் குத்தும் புகை வரும். பிவிசி கருகினால் வெளிவருவது ஹைட்ரஜன் குளோரைடு. அந்த வாடை வந்தால் காப்பாற்றப் பார்க்காதீர்கள். மைக்ரோவேவை நிறுத்தி, கதவைத் திறக்காமல், தள்ளிப் போய் நில்லுங்கள்.

தெளிந்த பிறகு சாயம் இரண்டு மூன்று சொட்டு, மினுக்குப் பொடி ஒரு சிட்டிகை. எங்கள் கால்வாய்த் தண்ணீர் தேத்தண்ணி நிறம். அதற்குக் கறுப்பும் கருநீலமும்தான் எனக்கு மீன் கொடுத்தன. புழு சீக்கிரம் மூழ்க வேண்டுமானால் தூள் உப்பு கலக்கலாம். ஆனால் நம் ஊர் உப்பு எப்போதும் கசிந்துதான் இருக்கும். வாணலியில் வறுத்து ஆறவைத்த உப்பு மட்டும் போடுங்கள். கூடினால் புழு சீக்கிரம் கிழியும்.

ஊற்றுவது

வாலில் தொடங்கித் தலைக்கு வாருங்கள். வால் மெல்லிசு, சீக்கிரம் உறையும். அதனால் பிளாஸ்டிக் நல்ல சூடாக இருக்கும்போதே அங்கே நிரம்பிவிட வேண்டும். நூல் மாதிரி விடுங்கள், நிறுத்தாதீர்கள். ஆறும்போது நடுவில் குழிவிழும், அதனால் விளிம்புக்கு ஒரு மயிரிழை மேலே நிரப்புங்கள்.

ஐந்தாறு நிமிடம் கழித்துத் தலைப்பக்கம் நகத்தால் கிளப்பி உரியுங்கள். தண்ணீர்த் தட்டில் நேராகப் போட்டு ஆறவிட்டு, பிறகு துடைத்து ஒரு தட்டையான தட்டில் ஒரு நாள் முழுக்கக் கிடத்துங்கள். வளைந்து கிடந்தால் வளைந்த படியே நின்றுவிடும், தண்ணீரில் சுற்றும், நூல் முறுக்கேறும். தண்ணீர்த் தட்டு மைக்ரோவேவிலிருந்து நாலடியாவது தள்ளி இருக்கட்டும். நனைந்த கையோடு குவளைப் பக்கம் போகாதீர்கள்.

என் முதல் பத்துப் புழுவில் மூன்றுதான் தேறியது. மற்றதைத் துண்டு போட்டுத் திரும்பக் காய்ச்சினேன். குட்டையிலிருந்து கொண்டுவரும் கிழிந்தவற்றையும் இப்படியே காய்ச்சலாம், கழுவி நன்றாகக் காயவைத்த பிறகு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மஞ்சளாகும் என்பதால் பழையதற்குக் கடும் நிறம் கொடுங்கள். இழுத்தால் நீண்டுகொண்டே போகும் ஒரு வகைக் கடைப்புழு இருக்கிறது, அது வேறு பிளாஸ்டிக். இதோடு கலக்காது, சேர்க்காதீர்கள்.

சேமிப்பதும் கோர்ப்பதும்

நிறம் வாரியாகத் தனித்தனி ஸிப் பைகளில் வையுங்கள். கறுப்பையும் வெள்ளையையும் ஒன்றாகப் போட்டால் ஒரே வாரத்தில் வெள்ளை சாம்பலாகிவிடும். கட்டைமீன்களோடு, அதாவது மீன் வடிவக் கடின இரைகளோடு, ஒரே பெட்டியில் போட்டால் இரண்டும் ஒட்டி இளகிவிடும்; நண்பர் ஒருவரின் நல்ல பாப்பர் வகைக் கட்டைமீன் ஒன்று அப்படித்தான் பெயின்ட் உரிந்து போனது.

ஆகாயத்தாமரையும் கங்கோங் கீரையும் அடர்ந்த இடத்தில் மூன்றின் கீழ் சைபர் (3/0) அளவு ஆஃப்செட் கொக்கியை, அதாவது கழுத்து வளைந்த கொக்கியை எடுத்து, முனையைப் புழுவின் உடலுக்குள் மறைத்துக் கோர்த்துவிடுங்கள். செடியில் மாட்டாது. ஹாருவான் கவ்வியதும் சுண்டாமல், ஒன்று இரண்டு எண்ணிவிட்டு இழுங்கள். பிய்ந்த வாலைக் கால்வாயில் வீசாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். என் பின்வாசலில் அதற்கென்றே ஒரு பழைய மைலோ டின் இருக்கிறது. அது நிரம்புகிற ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு அடுத்த காய்ச்சல்.