எச்சரிக்கை ஒலித்தால் முதலில் கை: பயிற்சி விமானிக்கு ஆரம்பப் பாடம்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விமானப் பயிற்சிக்குக் கிளம்பும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது கறுப்புப் பெட்டியைப் பற்றித்தான். அது விபத்துக்குப் பிறகு பேசுவது. அதற்கு முன்பே கத்துகிற கருவிகளிலிருந்து தொடங்குவோம்.

படி 1: ஸ்டால் ஹார்னைச் சோதியுங்கள்

செஸ்னா 172-இன் இடது இறக்கை முன்விளிம்பில் சின்னத் துளை ஒன்று இருக்கும். மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்து, இறக்கை தூக்குவிசையை இழக்கும் 'ஸ்டால்' நிலையை நெருங்கினால் அங்கே காற்றழுத்தம் குறையும். அது காற்றை உறிஞ்ச, ஆர்மோனியத்தில் இருப்பது போன்ற ஒரு ரீட் அதிர்ந்து அலறும். மின்சாரமே வேண்டாம்.

பறப்பதற்கு முன், சுத்தமான கைக்குட்டையைத் துளைமேல் வைத்து வாயால் உறிஞ்சுங்கள். ஓசை வர வேண்டும். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நம் ஊர்க் குளவிக்கு இப்படிப்பட்ட துளை என்றால் கொள்ளை ஆசை, கூடு கட்டி அடைத்துவிடும்.

படி 2: கையைப் பழக்குங்கள்

ஹார்ன் கேட்டதும் மூக்கைத் தாழ்த்துங்கள். பிறகு முழு பவர், இறக்கைகள் சமநிலை. தரை பக்கத்தில் தெரியும்போது கை தானாகக் கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னால் இழுத்து மூக்கை உயர்த்தப் பார்க்கும், அதுதான் ஆபத்து. வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருங்கள். தம்பியோ தங்கையோ நினைத்த நேரத்தில் 'பீ' என்று கத்தட்டும், நீங்கள் கையை முன்னால் தள்ளுங்கள்.

படி 3: 'புல் அப்' என்றால் விவாதம் இல்லை

தரை நெருங்குவதை 'புல் அப்' (மேலே இழு) என்று குரல் கொடுத்து எச்சரிக்கும் ஜிபிடபிள்யூஎஸ் கருவி பெரும்பாலும் பெரிய விமானங்களில்தான் வரும். பாடத்தை இப்போதே படியுங்கள். 1989 பிப்ரவரி 19, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்துக்கு வந்த சரக்கு போயிங் 747-ஐ 2,400 அடிக்கு இறங்கச் சொன்னார்கள்; 'டூ ஃபோர் சீரோ சீரோ' என்றதை விமானிகள் 400 அடி என்று எடுத்துக்கொண்டார்கள். கருவி எச்சரித்தது. அவர்கள் மேலே ஏற்றவில்லை. பூச்சோங் அருகே குன்றில் மோதி நால்வரும் இறந்தார்கள்.

இரவிலோ மேகத்துக்குள்ளோ அந்தக் குரல் கேட்டால் முழு பவர், இறக்கைகள் சமநிலை, மூக்கு மேலே. காரணத்தை உயரத்துக்குப் போய்த் தேடலாம்.

விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் காக்கும் டிகாஸ் கருவி 'கிளைம்ப்' (ஏறு) என்று கட்டளையிட்டால், தரையிலுள்ள கன்ட்ரோலர் இறங்கச் சொன்னாலும் ஏறுங்கள். 2002-இல் ஜெர்மனியின் ஊபர்லிங்கனில் ஒரு விமானம் இதற்கு மாறாக இறங்கி இன்னொரு விமானத்தோடு மோதியது. 71 பேர் இறந்தார்கள்.

படி 4: உங்கள் பதிவை நீங்களே படியுங்கள்

கறுப்புப் பெட்டியின் நிறம் ஆரஞ்சு. சிறு பயிற்சி விமானங்களில் அது பெரும்பாலும் இருக்காது. ஆனால் ஜி1000 என்ற மின்னணுக் கருவித் திரைகள் உள்ளவற்றில், வலப்பக்கத் திரையின் மேல் துளையில் எஸ்டி கார்டு இருந்தால் பறப்பு விவரம் அதில் பதிவாகும். பயிற்றுநரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், எக்செல்லில் திறந்து பாருங்கள்.

எல்லா வரிசையும் வேண்டாம். வேகம், உயரம், சாய்வு போதும். ரன்வேக்குத் திரும்பும் கடைசித் திருப்பத்தைத் தேடுங்கள். 65 நாட் (மணிக்குச் சுமார் 120 கி.மீ.) வேகத்தில் வந்ததாக நினைத்திருப்பீர்கள். எண்கள் வேறு கதை சொல்லலாம். வேகம் குறையக் குறையச் சாய்வு கூடியிருந்தால், அந்த வரியைப் பயிற்றுநரிடம் காட்டாமல் அடுத்த பறப்புக்குப் போகாதீர்கள்.

கீழ்த்துளையில் இருப்பது டேட்டாபேஸ் கார்டு. அதைத் தொட வேண்டாம்.