சயக் குறி (−) வந்ததும் இடம் மாறும் புள்ளிகள்

சாதாரண தரக் கணித வினாத்தாளில் வரைபுக் கேள்வியைக் கண்டால் பிள்ளைகளுக்குச் சந்தோசம்தான். அட்டவணையில் முக்கால்வாசி நிரம்பியே இருக்கும். புள்ளிகளைக் குறித்து வளையியைக் கீறினால் சரி. ஆனால் திருத்தும்போது பார்த்தால் வலப்பக்கம் அழகாக இருக்கும், இடப்பக்கம் வளையி எங்கேயோ போய்க்கொண்டிருக்கும்.

(−3, 2), (3, −2) இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் முதல் வில்லங்கம். வெள்ளவத்தையில், காலி வீதியில் பம்பலப்பிட்டியைப் பார்த்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இடக்கைப் பக்கம் கடல், முதுகுக்குப் பின்னால் தெஹிவளை. எக்ஸ் மறை எண் என்றால் கடல் பக்கம். வை மறை எண் என்றால் தெஹிவளைப் பக்கம். ஆகவே (−3, 2) என்பது கடல் பக்கம் 3, அப்புறம் பம்பலப்பிட்டிப் பக்கம் 2. மற்றப் புள்ளி இதற்கு நேரெதிர் மூலை.

எக்ஸ்தான் முதலில் என்பதும் முக்கியம். போன் வரைபடம் கொழும்புக்கு 6.93, 79.86 என்று காட்டும்; அங்கே முதலில் வருவது அகலக்கோடு, அதாவது வடக்குத் தெற்கு. கணிதத்தில் கிடைத் திசை முதலில். (இலங்கைக்குள் எங்கே நின்றாலும் அந்த இரண்டும் நேர் எண்கள்தான். சயக் குறியைப் போனில் பார்த்துப் பழக வழியில்லை.)

(0, −4) ஐ எக்ஸ் அச்சில் கொண்டுபோய் வைப்பவர்களும் உண்டு. எக்ஸ் 0 என்றால் இடம் வலம் அசையவே கூடாது, நேரே கீழே 4.

பரீட்சைப் புள்ளி அதிகம் பறிபோவது தசமத்தில். 10 சிறு கட்டங்கள் ஓர் அலகு என்று எடுத்துக்கொண்டு −1.6 ஐக் குறிக்கச் சொல்லுங்கள். −2 இலிருந்து வலப்பக்கமாக 6 கட்டம் எண்ணி வைப்பார்கள். அது −1.4! நேர் எண்களை இடமிருந்து வலமாக எண்ணிய கைப்பழக்கம். எப்போதும் உற்பத்தியிலிருந்து, அதாவது (0, 0) இலிருந்து, வெளியே போகவேண்டும்: −1 ஐத் தாண்டி, இன்னும் 6 கட்டம் இடப்பக்கம்.

சில வேளை குறித்தது சரி, கணித்தது பிழை. வை = எக்ஸின் வர்க்கம் − 3 என்ற சார்பில் எக்ஸ் −2 ஆனால் வர்க்கம் 4, வை 1. இதை −4 என்று எழுதினால் வை −7 ஆகி, புள்ளி தாளின் அடியில் போய் நிற்கும். இந்தச் சார்பின் வளையியான பரவளைவு சமச்சீரானது என்பதால் இது உடனே பிடிபடும்: எக்ஸ் 2 க்கும் வை 1 தானே? சமச்சீர் அச்சு வை அச்சாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றால் அதையும் சேர்த்து வளையியை நெளித்துக் கீறாமல், அட்டவணைக்குப் போய் அந்தப் பெறுமானத்தை மறுபடி கணியுங்கள்.