பின் ஆக்சில் ஊளை: கிரவுன், பினியன் மாற்றிய என் அனுபவம்

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு ஊளை, காலை எடுத்தால் வேறு சுருதியில் ஊளை. வீல் பேரிங் என்றால் கால் எடுத்ததும் இப்படி மாறாது. அதனால் நேராக டிஃபரன்ஷியலை (பின் ஆக்சில் நடுவே இருந்து, சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி) திறந்தேன். ஆயிலில் மினுமினுவென்று இரும்புத் துகள், கிரவுன் வீல் பற்களில் தேய்மானம்.

கிரவுன் பெரிய வளைய கியர், பினியன் அதைச் சுற்ற வைக்கும் சின்ன கியர்; இரண்டும் ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. பேரிங், சீல், கிரஷ் ஸ்லீவ் (நட்டை முறுக்கும்போது நசுங்கிக்கொடுக்கும் குழாய்) எல்லாமே புதிது போட்டேன்.

கழற்றி மாட்டுவது பெரிய விஷயமில்லை. பினியன் எவ்வளவு உள்ளே உட்கார வேண்டும் என்பதில்தான் வேலையே இருக்கிறது. பழைய பேரிங் ஒன்றின் உள்துளையைக் கொஞ்சம் அரைத்து வைத்துக்கொண்டால், கையாலேயே மாட்டிக் கழற்றிப் பார்க்கலாம்; ஒவ்வொரு தடவையும் பேரிங்கை அழுத்தி ஏற்றும் பிரஸ்ஸைத் தேட வேண்டாம். பழைய ஷிம்மையே (பினியனின் இடத்தைச் சரிசெய்யும் மெல்லிய வளையத் தகடு) போட்டு, பற்களில் மஞ்சள் பேஸ்ட் தடவி, கிரவுன் வீலை இறுக்கிப் பிடித்தபடி பினியனைச் சுற்றினேன். பேஸ்டில் பற்கள் பதிந்த தடம் பல்லின் நுனியோரமாக விழுந்தது. பினியன் இன்னும் எட்டவில்லை என்று அர்த்தம். என் ஆக்சிலில் ஷிம் பினியன் தலைக்கும் பேரிங்குக்கும் நடுவே வருகிறது, அதனால் தடிமனான ஷிம் போட்டேன். தடம் நடுவுக்கு வந்தது. பேக்லாஷ் (பற்களுக்கிடையே விடும் சிறு இடைவெளி) டயல் கேஜில் 0.15 மி.மீ., மேனுவல் வரம்புக்குள்.

அப்புறம் கிரஷ் ஸ்லீவ். பொறுமையைச் சோதிக்கும் சமாச்சாரம். நட்டை இம்மி இம்மியாக முறுக்கி, பிரீலோடை (பேரிங்குக்கு முன்கூட்டியே கொடுக்கும் இறுக்கம்) முள் வைத்த டார்க் ரெஞ்சில் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அளவு தாண்டினால் நட்டைத் தளர்த்திச் சரிக்கட்ட முடியாது, புது ஸ்லீவ்தான்.

மேனுவல் சொன்ன கியர் ஆயிலை ஊற்றி, முதல் ஓட்டத்தை மெதுவாக முடித்து ஆறவிட்டேன். 800 கி.மீ. ஓடியதும் ஆயிலை மாற்றினேன். ஊளை போச்சு, இப்போது டயர் சத்தம்தான் கேட்கிறது.