முதல் நாவல் வந்த பிறகு: எழுதுகிற தம்பி தங்கைகளுக்கு

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தான். அவனுடைய முதல் நாவல் வெளியாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. "அக்கா, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. நல்லாருக்குன்னும் சொல்லல, நல்லால்லன்னும் சொல்லல. அடுத்தது எழுதணுமாக்கா?" என்றான். கடையில் ஆள் நின்றதால் அப்போது பேச முடியவில்லை. ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு முக்கால் மணி நேரம் பேசினேன். அவனிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் கோவில்பட்டியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இரண்டு நாவலும் இரண்டு சிறுகதைத் தொகுப்பும் வந்திருக்கின்றன. 16 வருஷமாக எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எழுதுகிற வேலைக்கு ஒரு நோட்டு, அச்சான புத்தகத்துக்கு ஒரு நோட்டு என்று தனித்தனியாகப் போடுங்கள். விற்பனை, மதிப்புரை, விருது எல்லாம் இரண்டாவது நோட்டில். அதில் வருகிற எதையும் முதல் நோட்டுக்குள் விடாதீர்கள்.

பணத்தை முதலில் பேசிவிடலாம். என் முதல் நாவலின் விலை 250 ரூபாய். ராயல்டி 10 சதவீதம், அதாவது பிரதிக்கு 25 ரூபாய். முதல் அச்சு 300 பிரதி. அத்தனையும் விற்றால்கூட 7,500 ரூபாய்தான். முதல் வருஷம் 138 பிரதி போனது, கைக்கு 3,450 ரூபாய் வந்தது. அந்த நாவலுக்கு நான் நாலு வருஷம் செலவழித்திருந்தேன். அந்தக் காசோலையைப் பார்த்து என் வீட்டுக்காரர் ஒன்றுமே சொல்லவில்லை, காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அந்த ராத்திரி நான் அழுதேன்.

ஆகவே வேலையை விடாதீர்கள். விட்டுவிட்டு எழுதப் போகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது. வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் நாவலின் தலையில் ஏறினால் அதனால் தாங்க முடியாது. நூலக ஆணை, அதாவது அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் உத்தரவு, கிடைத்தால் மொத்தமாகக் கொஞ்சம் பிரதி போகும். ஆனால் அது எந்த வருஷம் வரும் என்பது நம் கையில் இல்லை, அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். கிண்டிலில் 2016 கடைசியிலிருந்து தமிழ்ப் புத்தகங்களை நாமே ஏற்றிக்கொள்ள முடிகிறது. மின்னூல் உரிமை உங்களிடம் இருந்தால் ஏற்றுங்கள். மாதம் ஒரு மளிகைச் சீட்டுக்காவது வரலாம்.

சரி, இனி அந்த முதல் நோட்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என்னைக் காப்பாற்றியது இதுதான்.

கடையில் தீர்ந்துபோன மருந்துகளைக் குறித்து வைக்க ஒரு நோட்டு இருக்கும். சாயங்காலம் அதைப் பார்த்துத்தான் மொத்தக்கடைக்கு ஆர்டர் சொல்வோம். அதே மாதிரி ஒரு நோட்டை எழுத்துக்கும் போட்டேன். காலை 4.30 மணிக்கு எழுந்திருப்பேன், 6.15 வரை எழுதுவேன். முடிக்கும்போது எத்தனை பக்கம் எழுதினேன் என்று குறிப்பதில்லை. தேதியைப் போட்டு, அந்தக் காட்சியில் என்ன குறைகிறது என்று இரண்டு மூன்று வரி எழுதுவேன். இரண்டாவது நாவல் தீப்பெட்டி ஆபீஸில் (தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்) வேலை பார்க்கிற பெண்களைப் பற்றியது. அதன் நோட்டிலிருந்து ஒரு பக்கம்:

"செல்வி ஆபீஸுக்கு நடந்து போகிறாளா, வேனா?"

"ஐப்பசி மழையில் குச்சியை எப்படிக் காய வைப்பார்கள்? பெரியம்மாவிடம் கேட்க வேண்டும்."

"அவள் சிரிக்கிறது 3-ஆம் அத்தியாயத்திலும் இதே மாதிரிதான் இருக்கிறது. மாற்று."

மறுநாள் காலையில் வெள்ளைத்தாளின் முன்னால் உட்கார வேண்டிய கஷ்டம் இருக்காது. நேற்றைய கேள்வி காத்துக்கொண்டிருக்கும். பகலில் கடையில் நிற்கும்போதே பாதி பதில் வந்துவிடும். பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். மழைக்காலம் என்றால் மருந்து முக்கிய குச்சி காயாமல் வேலையே நின்றுபோகும், அந்த வாரக் கூலி குறையும், அதனால்தான் தீபாவளிக்கு முந்தி எல்லா வீட்டிலும் சண்டை என்று சொன்னாள். எனக்கு ஒரு முழு அத்தியாயம் கிடைத்தது. (தீக்குச்சித் தலையில் இருப்பதற்கும் எங்கள் ஊரில் மருந்து என்றுதான் பெயர். அம்மா அந்த மருந்து வாசனையில் கட்டை அடுக்கி, அதாவது மரக்கட்டைச் சட்டத்தில் குச்சிகளை வரிசையாக அடுக்கி, என்னைப் படிக்க வைத்தாள். நான் இந்த மருந்து வாசனையில் உட்கார்ந்து அவளைப் பற்றி எழுதுகிறேன்.)

எழுதவே முடியாத காலமும் வரும். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோதும் மருந்துக்கடை திறந்தேதான் இருந்தது. காலையிலிருந்து இரவு வரை ஆட்கள் பயத்தோடு வந்து நின்றார்கள். நாவல் ஏழு மாதம் அப்படியே கிடந்தது. அப்போது பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் தினம் ஒரு வரி மட்டும் எழுதினேன். "இன்று ஒரு தாத்தா சுகர் மாத்திரையை எண்ணி 5 மட்டும் வாங்கினார்" என்பது போல. கதையாக வேண்டும் என்று நினைக்கவில்லை. கை மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதினேன். உங்களுக்கும் அப்படி ஒரு காலம் வந்தால் ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். அதற்கு மேல் உங்களை நீங்களே வதைக்காதீர்கள்.

இதழ்களுக்குக் கதை அனுப்புவது பற்றிச் சுருக்கமாக. ஒரு கதையை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். கதையின் பெயர், அனுப்பிய தேதி, எங்கே, என்ன பதில் என்று நாலு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் பதில் இல்லை என்றால் ஒரு வரியில் தெரிவித்துவிட்டு அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். 2011-லிருந்து 2016 வரை நான் 31 கதை அனுப்பினேன், 9 அச்சில் வந்தது. மற்ற 22-ல் முக்கால்வாசிக்குப் பதிலே இல்லை. இதுவும் இரண்டாவது நோட்டில்தான் இருக்கிறது.

ஒப்பந்தம் பற்றிப் பேசும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. முதல் தொகுப்புக்கு ஒப்பந்தமே போடவில்லை. "நமக்குள்ள எதுக்குமா அதெல்லாம்" என்றார் பதிப்பாளர். நானும் கேட்க வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். இரண்டு வருஷம் கழித்துப் புத்தகக் காட்சியில் அவர்கள் கடையில் என் புத்தகத்தை எடுத்துத் திறந்து பார்க்கிறேன், "இரண்டாம் பதிப்பு" என்று போட்டிருக்கிறது. எனக்குத் தகவலும் இல்லை, பணமும் இல்லை. அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். 19-ஆவது பிரிவை மட்டுமாவது நீங்களும் படியுங்கள். உரிமையை எழுதிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்று அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 வருஷம் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். எழுதி வாங்கிக்கொண்டு ஒரு வருஷத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் தவிர, அது காலாவதி ஆகிவிடும். பதிப்புரிமை நம் ஆயுளுக்குப் பிறகும் 60 வருஷம் இருக்கிறது. அது பேரப்பிள்ளைகளின் சொத்து. "அனைத்து உரிமைகளும்" என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே பேனாவை மூடிவிடுங்கள். அச்சு உரிமை மட்டும், 3 அல்லது 5 வருஷத்துக்கு என்று எழுதச் சொல்லுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் தனித்தனிப் பேச்சு. ஒவ்வொரு அச்சிலும் எத்தனை பிரதி அடித்தார்கள் என்று வருஷத்துக்கு ஒருமுறை எழுத்தில் தர வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். அப்புறம், ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு (புத்தகத்தின் அடையாள எண்) என்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தியாவில் அரசு அதை இலவசமாகத் தருகிறது.

இதையெல்லாம் கேட்டால் பதிப்பாளர் கோபித்துக்கொள்வாரோ என்று அந்தத் தம்பி பயந்தான். என் இரண்டாவது பதிப்பாளரிடம் நான் கேட்டபோது, "நல்லதும்மா, எனக்கும் நிம்மதி" என்று சொல்லி அன்றைக்கே அனுப்பிவைத்தார். அவரோடு ஏழு வருஷமாக ஒரு சண்டையும் இல்லை.

வீட்டிலும் ஊரிலும் வருகிற காயம் வேறு மாதிரி. ஒரு கதையில் நகையை அடகு வைத்துவிட்டுக் கவரிங் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற பெண்ணை எழுதினேன். என் மதினி அதைப் படித்துவிட்டு இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. தப்பு என்னுடையதுதான். கவரிங் சங்கிலியில் கொக்கிக்குப் பதில் கறுப்பு நூல் கட்டியிருந்ததைக்கூட எழுதியிருந்தேன். அந்த நூலைப் பார்த்தது நான் ஒருத்திதான், அவளுக்கு அது தெரியும். இப்போதெல்லாம் உயிரோடு இருக்கிறவரிடமிருந்து எடுத்தால் ஊரையும் தொழிலையும் மாற்றுகிறேன். அந்த ஒரே ஒரு ஆளை மட்டும் காட்டிக்கொடுக்கிற நூல் எது என்று தேடி அதையும் மாற்றுகிறேன். கதை கொஞ்சம் இளைக்கத்தான் செய்யும். பரவாயில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். வேறு எழுத்தாளர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மோசமான மதிப்புரை வந்தால் மூன்றாவது நாள் படியுங்கள். முகநூலில் பதில் எழுதாதீர்கள்.

ஏற்றத்தைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. இரண்டாவது நாவலுக்கு ஒரு விருது கிடைத்தது. பிறகு மதுரை, நாகர்கோவில், கோயம்புத்தூர் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம். ஏற்புரை, சால்வை, போட்டோ. எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நோட்டை எடுத்துப் பார்த்தபோது 14 மாதம் ஒரு தேதிகூட இல்லை. விற்காத காலத்தில்கூட நான் அவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததில்லை. இப்போது மாதத்துக்கு ஒரு கூட்டம் மட்டும். அன்று காலையிலும் 4.30-க்கு எழுந்து எழுதிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். புதுப் புத்தகம் அச்சுக்குப் போன வாரமே அடுத்த கதையின் முதல் பக்கத்தை எழுதிவிடுங்கள், அது எவ்வளவு மோசமாக இருந்தாலும் சரி. பாராட்டோ மௌனமோ வரும்போது கையில் வேலை இருக்க வேண்டும்.

ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துப் புத்தகக் காட்சிக்கு இரண்டு நாளாவது போங்கள். சென்னைப் புத்தகக் காட்சி 1977-லிருந்து நடக்கிறது. பதிப்பாளரின் கடையில் ஓரமாக நில்லுங்கள். யாராவது உங்கள் புத்தகத்தை எடுத்தால் பக்கத்தில் போய் நிற்காதீர்கள், அவர்கள் பின்னட்டையைப் படிக்கட்டும். எந்த வரியில் கண் நிற்கிறது, எங்கே புத்தகத்தை மூடி வைக்கிறார்கள் என்று தள்ளி நின்று பாருங்கள். என் பின்னட்டைக் குறிப்பை இரண்டு முறை மாற்றியது அப்படிப் பார்த்துத்தான்.

எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் விருது மேடையில் வரவில்லை. ஒரு மத்தியானம் கடைக்கு ஒரு அம்மா வந்தார். இருமல் மருந்து வாங்கினார். காசு கொடுத்துவிட்டு, "நீதான அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் கதை எழுதுன பிள்ள? என் பேத்தி வாசிச்சுக் காட்டுனா" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எல்லாம் சரியாத்தான் எழுதிருக்க. ஆனா கட்டை அடுக்குறப்ப அந்தப் புள்ள கண்ணாடி வளையல் போட்டுருக்கான்னு எழுதிட்ட. போட மாட்டோம்மா. கட்டையில தட்டும். கழட்டி முந்தானையில முடிஞ்சு வச்சிட்டுத்தான் உக்காருவோம்" என்றார். சொல்லும்போதே அவர் கை தன்னால் முந்தானை நுனிக்குப் போனது. அடுத்த பதிப்பில் அந்த வரியைத் திருத்தினேன். செல்வி இப்போது வளையலை முந்தானையில் முடிந்துவிட்டுத்தான் உட்காருகிறாள்.

இதைச் சொன்னபோது தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாளைக்கு அந்த நோட்டுல முதல்ல என்னக்கா எழுதணும்?" என்று கேட்டான். அடுத்த கதையில் உனக்கே தெரியாதது எதுவோ அதை எழுது என்றேன். மறுநாள் காலை 5.10-க்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. கோடு போட்ட நோட்டு, மேலே தேதி, கீழே ஒரே ஒரு வரி: "அப்பா கடைசியாக ஊரை விட்டுப் போனபோது பஸ்ஸில் எந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்தார்?"