அரியலூர் பாறைகளைப் பார்க்கப் போகும் ஆசிரியர்களுக்கு: களப் பயிலரங்குக்குத் தயாராவது எப்படி?

பாறையை நேரில் பார்த்துப் பாடம் நடத்தக் கற்றுக்கொள்ள, தமிழ்நாட்டில் அரியலூர், பெரம்பலூர் பக்கத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டே நாளில் சுமார் 10 கோடி ஆண்டுப் பழமையான கடல் களிமண், கல்லாகிப்போன மரம், சிப்பி நிறைந்த சுண்ணாம்புக்கல் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பகுதியை வரைபடமாக்கி 1862ல் வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் பிரித்த மூன்று பாறைத் தொகுதிகளின் பெயர்களைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்.

அறிவியல், புவியியல் ஆசிரியர்களில் முதல் முறை இப்படி ஒரு பயிலரங்குக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜியாலஜி படித்திருக்க வேண்டியதில்லை. நிதானமாகப் பார்க்கும் பொறுமை வேண்டும். கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் அந்தப் பொறுமை வெயிலிலும் தாகத்திலும் கரைந்துவிடாமல் இருப்பதற்காகத்தான்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜனவரியும் பிப்ரவரியும் நல்ல மாதங்கள். ஏப்ரல், மே பக்கமே போக வேண்டாம். பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊரில் உள்ள களிமண் மேடுகளில் ஒதுங்க ஒரு மர நிழல்கூட இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேறு சிக்கல்: மழையில் நனைந்த களிமண் செருப்பில் அப்பிக்கொள்ளும், சரிவில் கால் நிற்காது. மழை விட்டு நன்றாகக் காய்ந்த பிறகு போனால், மழை கழுவிவிட்ட சரிவுகளில் புதைபடிவங்கள் புதிதாக வெளியே தெரியும்.

படி 2: ஒரு கேள்வியோடு கிளம்புங்கள்

பலரும் முதலில் பையைக் கட்டுகிறார்கள். நான் கேள்வியை முதலில் வைப்பேன். "இங்கே கடல் இருந்தது என்று எப்படித் தெரியும்?" என்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும், கல்லூரி மாணவருக்கும் போதும். உங்கள் வகுப்புக்குப் பொருந்துகிற ஒரு கேள்வியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். களத்தில் நூறு விஷயங்கள் கண்ணில் படும். எதைக் குறித்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று அந்தக் கேள்விதான் சொல்லும்.

அடுத்து வரைபடம். இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் 1:50,000 அளவு வரைபடத் தாள்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இந்திய நிலவியல் ஆய்வு மையத்தின் பூகோஷ் தளத்தில் பாறை வகைகளைக் காட்டும் வரைபடங்கள் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மாலை நேரம் பாருங்கள். இந்தப் படிவுகள் மேற்கே மிகப் பழைய நைஸ் பாறைகளின் (வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை) மேல் படிந்திருக்கின்றன. அடுக்குகள் பொதுவாகக் கிழக்கு நோக்கி லேசாகச் சாய்கின்றன. அதனால் மேற்கிலிருந்து கிழக்கே போகப் போகப் பாறையின் வயது குறைந்துகொண்டே வரும். இது மனதில் பதிந்துவிட்டால் பயண வரிசையைத் தனியாக யோசிக்க வேண்டாம். காரை, சாத்தனூர், கல்லங்குறிச்சி என்று போனால் காலத்தின் வரிசையிலேயே போகிறீர்கள்.

படி 3: அனுமதி

இதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். அரியலூரைச் சுற்றி இருப்பவை சிமெண்ட் ஆலைகளுக்கான சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். அவற்றின் உள்ளே போகச் சுரங்க மேலாளரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். எத்தனை பேர், எந்த நாள், எந்த வாகனம் என்று எழுதிச் சில வாரங்கள் முன்பே கொடுங்கள். கைவிடப்பட்ட குவாரி என்றாலும் கேட்காமல் இறங்கக் கூடாது. தண்ணீர் தேங்கிய குழிகளின் ஆழம் வெளியே தெரியாது, தொங்கும் பாறை எப்போது விழும் என்றும் சொல்ல முடியாது. மற்ற இடங்களில் பல நிலங்கள் பட்டா நிலங்கள். வயலின் சொந்தக்காரரைப் பார்த்து "ஐயா, கல்லைப் பார்த்துட்டுப் போயிடுறோம்" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். அந்தப் பேச்சிலேயே, கிணறு வெட்டும்போது எந்த ஆழத்தில் என்ன கிடைத்தது என்பதையும் அவர் சொல்வார். அதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 4: பை

கெட்டி அட்டை நோட்டு, இரண்டு பென்சில், ரப்பர். பேனா வேண்டாம், வியர்வை பட்டால் எழுத்து கலைந்துவிடும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு கல்லை அதன் அருகே கொண்டுவர வேண்டும். வீட்டு வாசல் கிரானைட் படியில் உடைந்த சில்லு கிடைத்தால் அதில் பழகிக்கொள்ளுங்கள். 15 சென்டிமீட்டர் அளவுகோல், படம் எடுக்கும்போது பக்கத்தில் வைக்க. அடுக்கின் சாய்வை அளக்க விலை உயர்ந்த காம்பஸ் தேவையில்லை. பாகைமானியின் நடுவில் நூல் கட்டி, முனையில் ஒரு வாஷரைத் தொங்கவிட்டால் போதும். மாணவர்களும் அதைச் செய்து பார்க்க முடியும்.

சுத்தியல் குழுவுக்கு ஒன்று போதும். அடிப்பவரும் அருகில் நிற்பவர்களும் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். ஒரு சுத்தியலை இன்னொரு சுத்தியலால் அடிக்கவே கூடாது, எஃகுச் சில்லு தெறிக்கும்.

சுண்ணாம்புக்கல்லைச் சோதிக்க நிலவியலாளர்கள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் வைத்திருப்பார்கள். நீங்கள் அதைக் கொண்டுபோக வேண்டாம். ரயிலில் அமிலம் எடுத்துச்செல்லத் தடை உண்டு, விமானத்திலும் விடமாட்டார்கள். ஒரு சின்ன பாட்டில் வினிகர் போதும். கல்லை ஆணியால் சுரண்டித் தூளாக்கி, அந்தத் தூளில் சொட்டு விட்டு லென்ஸ் வழியாகப் பாருங்கள். குமிழ்கள் மெதுவாக வரும், ஆனால் நிச்சயம் தெரியும்.

உடைக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை, அகலமான தொப்பி, அடிப்பகுதி தேயாத ஷூ. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ் பாக்கெட். மதியத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொள்ளலாம், வெயிலில் கெடாது.

கழிப்பறை விஷயத்தையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். காரை மேடுகளில் கழிப்பறை கிடையாது. அதனாலேயே பெண் ஆசிரியர்கள் பலர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து, மதியம் தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். ஏற்பாட்டாளர்கள் பயணத் திட்டத்திலேயே பெட்ரோல் பங்க், ஊர்ப் பள்ளி என்று நிற்கும் இடங்களை நேரத்தோடு எழுதி முன்கூட்டியே எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும். எழுதவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். முட்டிவலி உள்ளவர்கள் இருந்தால், சாலையோரத்திலிருந்தே பார்க்க முடிகிற, பாறை அடுக்குகள் தெரியும் வெட்டுமுகம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

படி 5: பயணம்

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வருகிறவர்களுக்கு ரயில் நல்லது. வைகை எக்ஸ்பிரஸ் அரியலூரில் நிற்கும். பெரம்பலூர் ஊரில் ரயில் நிலையம் இல்லை, அது சென்னை–திருச்சி நெடுஞ்சாலை வழி. அந்தச் சாலையில் வருகிறவர்கள் பாடாலூரில் கிழக்கே திரும்பினால் காரைப் பக்கம் போய்விடலாம். உள்ளூரில் இடம் விட்டு இடம் போக வேன் பேசிக்கொள்ளுங்கள். நேரத்துக்குப் பேருந்து கிடைக்கும் என்று நம்பி இத்தனை இடங்களைத் திட்டமிட முடியாது. கிளம்பும் முன் போன் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வைத்துவிடுங்கள்.

படி 6: களத்தில்

காலை ஏழு மணிக்கே காரையில் இருங்கள். வெயில் குறைவு என்பதோடு, சாய்வான ஒளியில் ஓடைக்கீறல்களும் அடுக்குகளும் தெளிவாகத் தெரியும்.

இறங்கியதும் முதல் பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஓர் இடத்தில் உட்கார்ந்து, எதிரே இருக்கும் மேட்டை வரைய வேண்டும். படம் அழகாக வர வேண்டியதில்லை. எங்கே நிறம் மாறுகிறது, எங்கே கோடு ஓடுகிறது, செடி எங்கே முளைத்திருக்கிறது என்று குறித்தால் போதும். வழிகாட்டியும் இந்த நேரத்தில் வாய் திறக்கக் கூடாது. "இது காரைப் படிவம், இது ஜிப்சம்" என்று பெயர் சொன்ன நொடியில் எல்லோரும் எழுத ஆரம்பித்துவிடுவார்கள், பார்ப்பது அங்கேயே நின்றுவிடும். வகுப்பிலும் இதுதான் நடக்கிறது என்பதால்தான் பெயரைக் கடைசியில் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் தரையில் கிடப்பவற்றைப் பாருங்கள். இரண்டு பொருள்கள் நிச்சயம் கிடைக்கும். ஒன்று கண்ணாடிச் சில்லு போல மின்னும். இன்னொன்று தோட்டா வடிவில் பழுப்பாக இருக்கும். பெயர் சொல்லாமல் நகத்தால் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். மின்னுவதில் கீறல் விழும், தோட்டா வடிவத்தில் விழாது. இரண்டின் தூளிலும் வினிகர் விட்டால் இரண்டாவதில் மட்டும் குமிழ் வரும். இப்போது பெயரைச் சொல்லலாம்: முதலாவது ஜிப்சம், இரண்டாவது பெலெம்னைட். கணவாய் மீனுக்குத் தூரத்து உறவான கடல் உயிரின் உடலுக்குள் இருந்த கால்சைட் பகுதி அது. ஜிப்சம் பெரும்பாலும் களிமண்ணின் விரிசல்களில் பிறகு உருவானது. அதனால் அதை மட்டும் வைத்துக் கடல் இருந்தது என்று சொல்லிவிட முடியாது, பெலெம்னைட்டை வைத்துச் சொல்லலாம். முதல் பக்கத்தில் எழுதிய கேள்விக்கு இதுதான் முதல் சான்று.

உருண்டைக் கற்களும் கிடைக்கும். டைனோசர் முட்டை என்று யாராவது சொல்வார்கள். 2020ல் குன்னம் பகுதியில் கிடைத்த உருண்டைகளைப் பற்றி அப்படித்தான் செய்தி பரவியது. அவை சுருள் ஓடு கொண்ட அம்மோனைட் போன்ற கடல் உயிர்களைச் சுற்றி இறுகிய படிவுகள் என்றே வல்லுநர்கள் சொன்னார்கள். முட்டை என்றால் ஓடு எங்கே, ஓட்டின் தடிமன் எவ்வளவு என்று கேட்கப் பழக்குங்கள்.

சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் இருக்கிறது. நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940ல் இதைப் பதிவு செய்தார். இப்போது தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். இங்கே சுத்தியல் வேனிலேயே இருக்கட்டும். கடல் படிவுக்குள் மரம் எப்படி வந்தது என்று குழுவாக விவாதிக்க வையுங்கள். ஆறு அடித்துக்கொண்டு வந்தது, மிதந்து மூழ்கியது என்று அவர்களாகவே வந்து சேர்வார்கள்.

கல்லங்குறிச்சியில் சுண்ணாம்புக்கல் அடுக்குகளில் தடித்த சிப்பிகள் மண்டிக் கிடக்கும். இவை சுமார் 7 கோடி ஆண்டுப் பழையவை. சிப்பிகள் மூடியபடி இருக்கின்றனவா, பிரிந்தும் உடைந்தும் கிடக்கின்றனவா என்று எண்ணச் சொல்லுங்கள். அலை புரட்டிய இடமா, அமைதியான இடமா என்று அதிலிருந்து பேச ஆரம்பிக்கலாம். அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அதைக் கடைசியாக வையுங்கள். களத்தில் பார்த்ததை அங்கே அடையாளம் காணும் மகிழ்ச்சி பெரியது. விடுமுறை நாளை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: எடுத்து வரக் கூடாதவை, எடுத்து வர வேண்டியவை

புதைபடிவங்களைப் பைநிறைய அள்ளி வராதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் அது வெறும் கல். அதற்குப் பதில் படம் எடுங்கள்: அளவுகோல் வைத்து அருகிலிருந்து ஒன்று, சுற்றுப்புறம் தெரியத் தூரத்திலிருந்து ஒன்று. போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையை நோட்டில் எழுதுங்கள். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்து 1980களில் விவரிக்கப்பட்ட புருஹத்காயோசாரஸ் என்ற மாபெரும் டைனோசரின் எலும்புகள் பிறகு சிதைந்துபோயின. இன்று அதை ஆராய்கிறவர்களிடம் மிஞ்சியிருப்பவை அன்றைய படங்களும் குறிப்புகளும்தான்.

தொட்டுப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஏதாவது வேண்டுமே என்றால் அச்சு எடுங்கள். பிளாஸ்டிக் தாளில் சுற்றிய மாடலிங் களிமண் எடுத்துப்போய், உறுதியாக உள்ள சிப்பியின் மேல் எண்ணெய் தடவாமல், தண்ணீர் மட்டும் தொட்டு, களிமண்ணை அழுத்தி மெதுவாகப் பிரியுங்கள். எண்ணெய் கல்லில் கறையாக நின்றுவிடும். அச்சு நசுங்காமல் டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் விட்டுப் பிரித்தால் சிப்பியின் வடிவம் கையில் இருக்கும். எடுத்த இடத்தையும் தேதியையும் அதன் அடியில் எழுதி, அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் பெயர் சொல்லாமல் சுற்றுக்கு விடுங்கள்.