ஒரு வரியை மாற்றினால் கோப்பு முழுவதும் மாறியதாக கிட் காட்டுகிறதா?

கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருளான கிட்டில், ஒரே ஒரு வரியைத் திருத்திவிட்டு டிஃப் (பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு) பார்த்தால், கோப்பின் எல்லா வரிகளும் சிவப்பும் பச்சையுமாக நிற்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பெரும்பாலும் வித்தியாசம் வரி முடியும் இடத்தில் இருக்கிறது. லினக்ஸும் மேக்கும் வரியை எல்எஃப் என்ற ஒரே பைட்டால் (மதிப்பு 10) முடிக்கின்றன. விண்டோஸ் அதற்கு முன்னால் சிஆர் (மதிப்பு 13) ஒன்றையும் வைக்கிறது; இரண்டும் சேர்ந்தது சிஆர்எல்எஃப். டெலிபிரிண்டர் காலத்து வழக்கம் இது: அச்சுத் தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவர ஒன்று, காகிதத்தை ஒரு வரி நகர்த்த இன்னொன்று.

தொல்லை டிஃபோடு நிற்பதில்லை. சிஆர் ஒட்டிய ஷெல் ஸ்கிரிப்ட்டை (கட்டளைகள் அடங்கிய கோப்பு) லினக்ஸில் ஓட்டினால், முதல் வரியில் உள்ள, அதை இயக்கும் பாஷ் நிரலின் பெயரோடு அந்த சிஆரும் சேர்ந்துவிடும். அப்படி ஒரு நிரல் இல்லை என்று பிழை வரும். விண்டோஸில் டாக்கர் இமேஜ் (நிரலும் அதற்குத் தேவையானவையும் அடங்கிய பொதி) கட்டுகிறவர்கள் இதில் நிறையவே மாட்டிக்கொள்கிறார்கள்.

கீழே கட்டளைகளும் கோப்புப் பெயரும் அதில் எழுத வேண்டிய வரிகளும் ஒலிப்பில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் அடியுங்கள், கட்டளைகளை டெர்மினலில்.

படி 1: நிலவரம் பாருங்கள்

கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --இஓஎல்

'ஐ' என்பது கிட்டுக்குள் பதிவான வடிவம், 'டபிள்யூ' உங்கள் வட்டில் இருப்பது. ஐ பக்கம் எல்எஃப், டபிள்யூ பக்கம் சிஆர்எல்எஃப் என்றால் விண்டோஸில் (ஷெல் ஸ்கிரிப்ட் தவிர மற்றவற்றுக்கு) அது சரிதான். ஐ பக்கமே சிஆர்எல்எஃப் அல்லது மிக்ஸ்டு (இரண்டும் கலந்தது) என்று வந்தால், அதைத்தான் சரிசெய்யப் போகிறோம்.

படி 2: விதியை ரெப்போவிலேயே (திட்டத்தின் கோப்புகளும் வரலாறும் இருக்கும் இடம்) எழுதுங்கள்

வரி முடிவைத் தானாக மாற்றும் கோர்.ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பை மாற்றச் சொல்லும் வழிகாட்டிகள் பல உண்டு. அதை மட்டும் நம்ப வேண்டாம் என்பேன். அது அவரவர் கணினியில் இருப்பது, ரெப்போவை நகலெடுக்கும் குளோனோடு வராது. புதிதாக ஒருவர் டீமில் சேர்ந்தால் சிக்கல் மறுபடி முளைக்கும். ரெப்போவின் மேல்மட்டத்தில் .கிட்ஆட்ரிபியூட்ஸ் என்ற கோப்பை உருவாக்குங்கள். எல்லாரிடமும் போய்ச் சேரும், அவரவர் அமைப்பைவிட அதன் சொல்லே எடுபடும்.

* டெக்ஸ்ட்=ஆட்டோ
*.எஸ்எச் டெக்ஸ்ட் இஓஎல்=எல்எஃப்
*.பேட் டெக்ஸ்ட் இஓஎல்=சிஆர்எல்எஃப்
*.பிஎன்ஜி பைனரி

முதல் வரி, உரைக் கோப்பு எது என்று கிட்டே கண்டறிந்து எல்எஃப்பாகப் பதியச் சொல்கிறது. அடுத்த இரண்டும் எந்தக் கணினியிலும் மாறக்கூடாத கோப்புகளுக்கு. கடைசி வரி, படங்களைத் தொடாதே என்பதற்கு.

படி 3: பழையவற்றைத் திருத்துங்கள்

கையிலிருக்கும் வேலையை முதலில் கமிட் செய்துவிடுங்கள், அதாவது கிட்டில் பதிந்துவிடுங்கள். இல்லையென்றால் அதுவும் இதோடு கலந்துவிடும்.

கிட் ஆட் .கிட்ஆட்ரிபியூட்ஸ்
கிட் ஆட் --ரீநார்மலைஸ் .
கிட் ஸ்டேட்டஸ்
கிட் கமிட்

ரீநார்மலைஸ் கிட் 2.16 முதல் உண்டு. இந்தக் கமிட்டில் வேறு எந்த மாற்றத்தையும் சேர்க்காதீர்கள். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஒரு நிஜத் திருத்தம் ஒளிந்திருந்தால் ரிவியூ செய்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? தனிக் கமிட்டாக இருந்தால், கிட் பிளேமில் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் கட்டளை) அதை மட்டும் தவிர்க்கும் வசதியும் (2.23 முதல்) கைகொடுக்கும்.

பாதியில் நிற்கும் பிராஞ்சுகளை (தனிக் கிளைகளில் நடக்கும் வேலைகளை) இணைக்கும்போது மோதல் வந்தால், மெர்ஜ் கட்டளையோடு -எக்ஸ் ரீநார்மலைஸ் சேருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் வட்டிலுள்ள ஸ்கிரிப்ட்டில் சிஆர் இருக்கலாம். கிட்டுக்குள் ஏற்கெனவே எல்எஃப்பாக இருந்த கோப்பை கிட் மறுபடி எழுதுவதில்லை. கமிட் செய்யாத மாற்றம் எதுவும் அதில் இல்லையென்று பார்த்து, கோப்பை அழித்துவிட்டு, கிட் செக்அவுட் -- என்பதோடு அந்தக் கோப்பின் பெயரையும் கொடுங்கள்; எல்எஃப்போடு திரும்ப வரும். பிறகு டாக்கர் இமேஜை மறுபடி கட்டுங்கள்.